அஞ்சலைக் கிண்ணம்

சென்ற மாதம் ஜொகூர் பாருவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் வேலை பார்த்த கால்நடைச் சோதனைக்கூடத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்களாம். பழைய அலமாரியைக் காலி செய்தபோது என் கையெழுத்தில் ஒரு கட்டு நோட்டுப் புத்தகங்கள் கிடைத்திருக்கின்றன. எறிவதற்கு முன் அங்கே வேலை பார்க்கும் ஒரு பிள்ளை புரட்டிப் பார்த்திருக்கிறார். "ஐயா, எல்லாச் சோதனையிலும் முதல் கிண்ணத்துக்கு 'அஞ்சலை' என்று பெயர் எழுதியிருக்கிறீர்கள். எதிரே 'ஒன்றுமில்லை' என்று இருக்கிறது. அஞ்சலை என்பது எந்த வகை நத்தை? புத்தகங்களில் தேடினோம், கிடைக்கவில்லை" என்று கேட்டிருந்தார்.

படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. அதே கடிதத்தின் கடைசியில் இன்னொரு செய்தியும் எழுதியிருந்தார். இப்போதெல்லாம் அங்கே கிண்ணம் கழுவுவதே இல்லையாம். பிளாஸ்டிக்கில் வருகிறதாம், ஒரு முறை போட்டு எறிந்துவிடுகிறார்களாம். வாழ்நாள் முழுக்கக் கிண்ணம் கழுவியவனுக்கு எழுதுகிற செய்தியா இது? போகட்டும். அவர் கேட்ட கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம்தான். எழுதிப் பார்த்தேன், பாதி பொய்யாக வந்தது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். நான் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தேன். கடலுக்கு நடுவே பாலம் போட்டு சிங்கப்பூருக்கு நேராக ரயில் ஓடத் தொடங்கிய புதிதில், சோதனைக்கூடத்தில் கண்ணாடி கழுவ ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். பொறுப்பில் இருந்தவர் சாமுவேல் ஐயா. மதராஸில் மாட்டு வைத்தியம் படித்துவிட்டு வந்தவர், ஒல்லியான மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில். ஒரு கண்ணாடிக் குவளையைக் கொடுத்து, "கழுவிட்டு வா" என்றார். கழுவி, வேட்டி முனையால் பளபளவென்று துடைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"துடைச்சியா?"

"ஆமாங்க ஐயா."

"கழுவத்தான சொன்னேன்? துடைக்கச் சொல்லலையே."

போச்சு என்று நினைத்தேன். ஆனால் மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அடுத்த சில வருடங்கள் கழுவினேன், அவ்வளவுதான். சோப்பு ஆகாது. செம்புப் பாத்திரம் பக்கத்தில் வரக்கூடாது. வெற்றிலை போட்ட கையோடு கிண்ணத்தைத் தொடக்கூடாது. வெந்நீரில் இரண்டு முறை, பிறகு மழைத்தண்ணீரில் மூன்று முறை, கடைசியில் வெள்ளைத் துணிமேல் கவிழ்த்து வைக்க வேண்டும். அந்த மழைத்தண்ணீர் பின்கட்டில் ஆள் உயர மண்சாடியில் கூரையிலிருந்து வந்து விழும். கழுவக் கற்றுக்கொண்ட பிறகு எடுக்க, ஊற்ற, எண்ண, கடைசியாக மைக்ராஸ்கோப்பில் பார்க்கவும் என்னை விட்டார்.

சாமுவேல் ஐயா பார்ப்பதையெல்லாம் பென்சிலால் வரைவார். வரையும்போது மெல்ல ஒரு கீர்த்தனையை முனகிக்கொண்டே இருப்பார். முனகல் நின்றால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம், நான் மூச்சுகூட மெதுவாகத்தான் விடுவேன். நான் ஏதாவது பார்த்தேன் என்று ஓடிப்போய்ச் சொன்னால் தலை நிமிராமல் கேட்பார்: "பார்த்தியா, பார்த்த மாதிரி இருந்துச்சா?" தவறு என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை. கிண்ணத்தைப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு, "மறுபடி" என்பார். அந்த ஒற்றைச் சொல்லுக்கு நான் பயந்த அளவுக்கு வேறு எதற்கும் பயந்ததில்லை.

ரப்பர் விலை தரைமட்டத்துக்கு விழுந்து, தோட்டங்களில் பதிவேட்டிலிருந்து பேர் வெட்டி, ஆட்களை ஊருக்குக் கப்பல் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. தெப்ராவ் பக்கத்தில் ஒரு தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மாடுகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, வெள்ளைக்காரத் துரை எல்லா மாட்டையும் விரட்டப் பார்க்கிறார், வந்து பாருங்கள் என்று. ஐயாவின் பழைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, மடியில் நாலு ஜாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சடக்குப் பாதை முழுக்கச் செம்மண் குடித்துக்கொண்டே போனேன்.

மாடுகளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. விலா எலும்பு எண்ணலாம். தாடைக்குக் கீழே தண்ணீர் கட்டி, பை மாதிரித் தொங்குகிறது. ஈரல் புழு. ஐயா லயத்து ஆட்களைக் கூட்டி வைத்துத் தரையில் குச்சியால் கோடு போட்டுச் சொன்னார்: "மாட்டோட ஈரல்ல எலை மாதிரி ஒரு புழு. அதோட முட்டை சாணியில வெளிய வருது. தண்ணியில விழுந்தா குஞ்சு பொரிக்குது. அந்தக் குஞ்சுக்கு ஒரே நாள்தான் ஆயுசு. அதுக்குள்ள ஒரு நத்தையக் கண்டுபிடிச்சு உள்ள பூந்துடணும். பூந்துட்டா ஒண்ணு நூறாப் பெருகி வெளிய வந்து தண்ணியோரப் புல்லுல ஒட்டிக்கும். மாடு அந்தப் புல்லத் திங்குது."

"நத்தையில்லாத தண்ணி ஏதுங்க?" என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"எல்லா நத்தையும் ஆகாதும்மா. அதுக்குன்னு ஒரு நத்தை இருக்கு. இந்த ஊர்ல அது எதுன்னுதான் பார்க்கணும்."

கேட்டவள்தான் அஞ்சலை. முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், என்னைவிடப் பெரியவள். புருஷன் செத்துப்போய், அவள் பேரையும் தோட்டத்தில் வெட்டிவிட்டார்கள். செவலை என்று ஒரு மாடு வைத்திருந்தாள். அதன் பாலைக் கணக்கெழுதும் கிராணி வீட்டுக்கும் லயத்துக்கும் ஊற்றித்தான் இரண்டு பிள்ளைகளோடு அங்கே ஒட்டிக்கொண்டிருந்தாள். மாடு போனால் அடுத்த கப்பல். அது அவளுக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும்.

அந்தத் தோட்டத்தில் மாடு குடிக்க இரண்டே தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் உப்பு, மாடு குடிக்காது. மேட்டில், செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளத்தில் ஊற்று சுரந்து ஒரு குளம். கீழே சதுப்பு ஓரமாக ஒரு வாய்க்கால், அங்கேதான் புல் அதிகம், அதனால் பெரும்பாலும் மாடுகள் அங்கேயே நிற்கும். இரண்டிலும் இறங்கித் தேடினோம். வாய்க்காலில் இருந்தது மெல்லிய ஓடு, காது மாதிரி அகன்ற வாய். குளத்தில் இருந்தது சுருட்டி வைத்த கயிறு மாதிரித் தட்டையாக இருந்தது. காது நத்தை என்றும் சுருள் நத்தை என்றும் பெயர் வைத்துக்கொண்டோம்.

அஞ்சலை என் பக்கத்தில் வந்து நின்றாள். "தம்பி, எம் மாடு குளத்துத் தண்ணியத் தவிர வேற தொட்டதே இல்ல. முட்டுற மாடு, மத்த மாட்டோட சேராது. அங்கயேதான் கட்டிப் போட்டிருக்கேன். அதுக்கு ஒண்ணுமில்ல பாரு."

உண்மைதான், செவலை கொழுகொழுவென்றுதான் நின்றது. ஐயாவிடம் சொன்னேன். "ஒரு மாட்ட வச்சு முடிவு சொல்ல முடியாது மாணிக்கம். அதுக்கு அதிர்ஷ்டமாக்கூட இருக்கலாம்" என்றார்.

துரை பங்களா வாசலில் நின்றபடியே பேசினார். தோட்டத்துத் தமிழ் நன்றாகத் தெரியும் அவருக்கு. "ஒரு தண்ணி கெட்டது, சரி, வேலி போடு, மாடு இருக்கலாம். ரெண்டு தண்ணியும் கெட்டது, மாடு எல்லாம் வெளியே. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன்."

இனி எல்லாம் எங்கள் கிண்ணத்தில்தான் இருந்தது.

புழு முட்டை எடுப்பது என் வேலை. மாடு அடிக்கிற கொட்டிலில் காதர் பாய் என்ற கசாப்புக்காரர் புழு விழுந்த ஈரலை எனக்கென்று எடுத்து வைப்பார். அதன் பித்தநீரை உயரமான கண்ணாடிக் குழாயில் ஊற்றித் தண்ணீர் சேர்த்து நிறுத்தினால், முட்டைகள் மெல்ல இறங்கி அடியில் படியும். மேல் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர், மறுபடி நிறுத்தம், மறுபடி வடிப்பு. தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகும்வரை இதேதான். கடைசியில் அடியில் மஞ்சள் பொடி மட்டும் நிற்கும். அதைக் கறுப்புத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்து இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். முட்டைக்குள் கரும்புள்ளியாக ஒரு கண் தெரிந்தால் தயார். காலையில் துணியை அவிழ்த்து ஜன்னல் வெயிலில் வைப்போம்.

நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒரு முறைகூட எனக்குச் சலித்ததில்லை. வெளிச்சம் பட்டதும் முட்டைக்குள் அது புரளும். முட்டையின் ஒரு முனை டப்பா மூடி மாதிரித் திறந்துகொள்ளும். ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு அந்தக் குஞ்சு தன்னை நீட்டி, குறுக்கி, வழுக்கி வெளியே வரும். உடம்பெல்லாம் மயிர், அத்தனையும் துடுப்பு. வந்த வேகத்திலேயே சுழன்றுகொண்டு நேர்கோட்டில் பாயும். வாய் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, வழியில் எதையும் தின்பதும் இல்லை. இருப்பதைச் செலவழித்துக்கொண்டே அது தேடும். பொழுது சாய்வதற்குள் நத்தை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் முடிந்தது. அகலமான குளத்தில், கண்ணுக்கே தெரியாத ஓர் உயிர், சுண்டு விரல் நகம் அளவு நத்தையைத் தேடி எப்படிப் போகிறது? ஐயாவிடம் கேட்டால், "அது தெரிஞ்சா நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்?" என்பார்.

சோதனை இப்படி: கிண்ணத்தின் ஒரு ஓரத்தில் மெல்லிய துணிப்பையில் கட்டிய நத்தை. எதிர் ஓரத்தில் குஞ்சுகளை விடுவோம். பைப்பக்கம் போய்ச் சுழன்று முட்டுகின்றனவா, கண்டுகொள்ளாமல் திரிகின்றனவா என்று பார்ப்போம். ஒவ்வொரு வகை நத்தைக்கும் ஆறு கிண்ணம்.

அந்த நாட்களில்தான் மழை எங்களைக் கைவிட்டது. ஜொகூரில் பத்து நாள் சேர்ந்தாற்போல் மழை இல்லாமல் போவது அபூர்வம், அந்த வருடம் அது நடந்தது. மண்சாடியில் அடித்தண்ணீர்தான் மிச்சம். காது நத்தைக் கிண்ணங்களை மூன்று முறை அலசி முடித்தபோது சாடி வறண்டுவிட்டது. சுருள் நத்தைக்கான கிண்ணங்களும் பைகளும் கடைசி அலசலுக்குக் காத்திருந்தன. பக்கத்தில் காது நத்தைகளைப் போட்டு வைத்திருந்த தொட்டி, அதிலும் மழைத்தண்ணீர்தான், பளிங்கு மாதிரி. கிண்ணம் கழுவுகிறவனுக்கு அழுக்கு என்றால் கண்ணுக்குத் தெரிவது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தத் தொட்டித் தண்ணீரில் கிண்ணங்களையும் பைகளையும் அலசிக் கவிழ்த்தேன். தண்ணீரை வீணாக்காமல் சமாளித்துவிட்டேன் என்று ஒரு பெருமை வேறு.

மறுநாள் சோதனை. காது நத்தைப் பையை நோக்கிக் குஞ்சுகள் பாய்ந்தன. சுருள் நத்தைப் பையை நோக்கியும் பாய்ந்தன. ஆறு கிண்ணத்திலும். ஐயாவின் முனகல் நின்றது. "ரெண்டுமா..." என்றார். வெகுநேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார். மறுபடி செய்யத்தான் நினைத்தார், ஆனால் தயாராக இருந்த குஞ்சுகள் தீர்ந்துவிட்டன, மாசக் கடைசியும் நெருங்கிவிட்டது. துரைக்குக் கடிதம் எழுதினார். இரண்டு தண்ணீரும் சந்தேகத்துக்குரியவை. பியூன் ஹசான் காலையில் தெப்ராவ் போகிற லாரியில் ஏறினான்.

அன்று மத்தியானம், கடைசி முட்டைகளில் கொஞ்சம் தாமதமாகப் பொரித்தன. கொட்டிவிட வேண்டியவைதான். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், கொட்டுவதற்கு முன் ஒரு தடவை பார்ப்பேன், சும்மா ஆசைக்கு. அலசிக் கவிழ்த்திருந்த உபரிக் கிண்ணம் ஒன்றில், உபரிப் பை ஒன்று. அதில் நத்தையே வைத்ததில்லை. குழாயில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றி, குஞ்சுகளை விட்டுக் கண்ணை வைத்தேன்.

அவை நேராகப் பாய்ந்துகொண்டிருந்தன. பைக்கு ஒரு விரற்கடை தூரம் வந்ததும் ஒன்று சட்டென்று திரும்பியது. இன்னொன்றும் திரும்பியது. பிறகு எல்லாமே. பையைச் சுற்றிச் சுற்றி, மூக்கை வைத்து முட்டி, விலகி, மறுபடி முட்டி. சர்க்கரை டப்பாவை எடுத்துவிட்ட இடத்தில் எறும்பு சுற்றுமே, அப்படி. உள்ளே நத்தை இல்லை. வெறும் துணி. அவை இல்லாத நத்தையைத் தேடிக்கொண்டிருந்தன.

எனக்குப் புல்லரித்தது. நத்தை தண்ணீரில் எதையோ கரைத்து விட்டுவிட்டுப் போயிருக்கிறது. நமக்குத் தெரியாத, பார்க்க முடியாத ஏதோ ஒன்று. ஒரு துணியை அலசிப் பிழிந்து காயவைத்த பிறகும் அது அங்கே நிற்கிறது. இந்தப் பொடியனுக்கு அது தெரிகிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு, சந்தோஷத்தில்தான். எத்தனை நேரம் அப்படி இருந்தேனோ. அதற்குப் பிறகுதான் உறைத்தது: பையில் நத்தை வாசம் வந்தது எப்படி? யார் அலசியது? எந்தத் தண்ணீரில்?

வாசலுக்கு ஓடினேன். ஹசான் அப்போதுதான் திரும்பி வந்து நிழலில் உட்கார்ந்திருந்தான்.

"கடிதம்? கடிதம் எங்கே?"

"சுடா ஹந்தார் லா. துரை கையில குடுத்தாச்சு," என்றான், மலாயும் தமிழும் கலந்து. "அலமாக், ஏன் மூஞ்சி இப்படி?"

ஐயா சாப்பிட உட்கார்ந்திருந்தார். வேலை போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னேன். சாடி வறண்டது, தொட்டித் தண்ணீர், பைகள், வெறும் கிண்ணம், எல்லாவற்றையும். அவர் கையில் இருந்த சோற்றை வைத்துவிட்டார்.

"நத்தை இல்லாத பைக்கா போச்சு?"

"ஆமாங்க ஐயா."

"பார்த்தியா, பார்த்த மாதிரி இருந்துச்சா?"

"பார்த்தேன் ஐயா."

கை கழுவாமலே எழுந்து வந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். சோறு காய்ந்து கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று மாலைவரை அவர் தலை நிமிரவில்லை. காது நத்தைத் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கிண்ணத்தின் ஒரு மூலையில் விட்டார், குஞ்சுகள் அந்த மூலைக்குப் போயின. அந்தச் சொட்டை ஒரு குவளை நல்ல தண்ணீரில் கலந்து, அதிலிருந்து ஒரு சொட்டு விட்டார். அதற்கும் திரும்பின. "எங்கப்பா!" என்றார், ஒரு சின்னப் பையனைப் போல. "மூக்குன்னு சொல்லாத மாணிக்கம். இதுக்கு உடம்பு முழுக்க மூக்கு." பின்னாளில் இதைவிட ஆச்சரியமானதையும் அவரோடு பார்த்தேன். புழு குடியேறிய நத்தை முட்டையிடுவதையே நிறுத்திவிடும். உள்ளே உட்கார்ந்துகொண்டு, கையும் காலும் இல்லாத ஒன்று, வீட்டுக்காரனின் உடம்புக்கே உத்தரவு போடுகிறது. தண்ணீரில் கரைந்த ஏதோ ஒன்றினால் அழைப்பு, உடம்பில் கரைந்த ஏதோ ஒன்றினால் ஆட்சி. இதையெல்லாம் யோசித்தால் இன்றும் எனக்குக் கொஞ்சம் தலை சுற்றும்.

"ஐயா, உடனே போய்ச் சொல்லிடலாம்," என்றேன்.

"என்னன்னு? ஏற்கெனவே அவசரப்பட்டு ஒரு தப்பச் சொல்லிட்டோம். இப்ப இன்னொண்ணு சொல்லணுமா?" காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "மறுபடி."

காதர் பாயிடம் புது ஈரல் கேட்டுப் பயனில்லை, முட்டை தயாராக இரண்டு வாரம் ஆகும். நல்லவேளையாக அலமாரியில் பின்னால் தொடங்கிய இன்னொரு குழாய் இருந்தது. அது மறுநாள்தான் பொரிக்கும். தண்ணீருக்கு மாதா கோயில் மழைத்தண்ணீர்த் தொட்டிக்குப் போய், நானே காவடியில் சுமந்து வந்தேன். எல்லாக் கிண்ணமும் மூன்று முறை. பைகளை எறிந்துவிட்டுப் புதுத் துணி கிழித்தேன். மறுநாள் முழுக்க, மூன்று தடவை செய்தோம். மூன்று தடவையும் காது நத்தையைச் சுற்றிக் குஞ்சுகள் வெறிபிடித்துச் சுழன்றன. சுருள் நத்தையை ஒன்றிரண்டு தொட்டுப் பார்த்துவிட்டுத் தம் வழியே போய்விட்டன. குளம் நல்ல தண்ணீர்.

அதற்கடுத்த நாள் காலை, மைக்ராஸ்கோப்பைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தெப்ராவ் போனோம். துரை வாசலுக்கு வந்தார். ஐயா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "என் கடிதம் தப்பு. தப்பு பண்ணது நான்," என்றார். நான் வாயைத் திறந்தேன். ஐயா என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"மூணு நாள் முன்னாடி உனக்குத் தெரியும்னு எழுதினே. இப்ப தெரியாதா?" என்றார் துரை.

"இப்பத்தான் தெரியும். பாருங்க."

வராந்தா மேசையில் கிண்ணத்தை வைத்துக் காட்டினோம். துரை குனிந்தவர் வாயிலிருந்த புகையிலைப் பைப்பைக் கீழே வைத்துவிட்டு மறுபடி குனிந்தார். நீண்ட நேரம் கழித்து, அவர் பாஷையில் மெல்ல ஏதோ சொன்னார், கோயிலில் பேசுகிற குரல். பிறகு எங்களிடம், "குளம் சரி. வாய்க்காலுக்கு வேலி. மாடு இருக்கலாம்," என்றார்.

ஐயா அங்கேயே விடவில்லை. வேலி மட்டும் போதாது, மாடுகளைக் குளத்துக்கு ஓட்டிப்போய்க் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும் என்றார். துரை தலையாட்டினார். இந்த நல்ல செய்தியோடு நான் லயத்துக்கு ஓடினேன்.

பாதி மாடுகள் இன்னும் நின்றன. குளத்து மேட்டில் செவலையைக் கட்டுகிற முளை மட்டும் இருந்தது, கயிற்றோடு.

அஞ்சலை வாசலில் தகரப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். "நேத்து வந்து ஓட்டிட்டுப் போயிட்டாங்க தம்பி. ரெண்டு தண்ணியும் கெட்டதுன்னு நீங்கதான எழுதியிருந்தீங்க. யார் வாங்குவா? கசாப்புக்காரங்கதான் வந்தாங்க."

நேற்று. நாங்கள் மூன்று தடவை சரிபார்த்துக்கொண்டிருந்த நேற்று.

ஐயாவிடம் சொல்லிவிட்டுக் கிடைத்த லாரியில் தொற்றி ஜொகூர் பாருவுக்குப் போனேன். கொட்டிலை அடைந்தபோது காதர் பாய் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். தெப்ராவ் மாடு, செவலை நிறம், முட்டுகிற மாடு என்றேன். அவர் கொக்கியில் தொங்கிய ஈரலை இறக்கிப் பலகைமேல் போட்டு, வழக்கம்போல எனக்காகக் கத்தியால் திறந்து விரித்தார். கறுஞ்சிவப்பாக, வழுவழுவென்று, பட்டு மாதிரி.

"சுத்தமான ஈரல் தம்பி," என்றார். "ஒனக்கு இதுல ஒண்ணுமில்ல."

அவர் அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார். குளம் நல்ல தண்ணீர் என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. நான் வெளியே வந்து சடக்கு ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் ஐயா லயத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து மைக்ராஸ்கோப்பை வைத்தார். வேலி ஏன் என்று கண்ணால் பார்த்தால்தான் ஆட்கள் மதிப்பார்கள் என்பது அவர் எண்ணம். எல்லோரும் வரிசையில் நின்று பார்த்தார்கள். மாடு ஓட்டுகிற வேலையை அஞ்சலைக்குத் தரச் சொல்லி அவர் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார். மாடு பிழைத்த வீடுகள் ஆளுக்குக் கொஞ்சம் பால் தருவதாக ஒப்புக்கொண்டன. தகரப் பெட்டி மறுபடி உள்ளே போயிற்று. ஆனால் ஏன் கடிதம் தவறாகப் போனது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. டாக்டரய்யா தப்புப் பண்ணிவிட்டார் என்றுதான் லயம் முழுக்கப் பேச்சு. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

கடைசியாக அவள் வந்தாள். அவள் குனிவதற்கு முன் சொல்லிவிட்டேன்.

"அக்கா, ஐயா மேல தப்பு இல்ல. நான்தான். வாய்க்கா நத்தை இருந்த தண்ணியில பைய அலசிட்டேன். அதனாலதான் குளத்து நத்தைக்கும் போன மாதிரி தெரிஞ்சுச்சு. ஒங்க மாட்டு ஈரலைப் பார்த்தேன். அதுல ஒரு புழுகூட இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முந்தானையால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டு, குனிந்து கண்ணை வைத்தாள். எடுக்கவே இல்லை. பின்னால் நின்ற பிள்ளைகள் சத்தம் போட்டும் எடுக்கவில்லை.

"இதுவா?"

"இதுதாங்க்கா."

"இம்புட்டுப் பொடிசா இருந்துக்கிட்டு..." குரல் தழுதழுத்தது. "பாவி, எவ்ளோ அழகா இருக்கு. அது ஒண்ணும் வழி தப்பல தம்பி. போக வேண்டிய எடத்துக்கு நேராத்தான் போயிருக்கு."

நிமிர்ந்தாள். மாடுகளை ஓட்டும் குச்சியைச் சுவரோரத்திலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அடுத்த தடவ நல்லாக் கழுவு," என்று சொல்லிவிட்டுக் குளத்துப் பக்கம் நடந்தாள்.

மறு வாரச் சோதனைக்கு ஐயா ஒரு புது விதி போட்டார். முதல் கிண்ணம் எப்போதும் வெறும் கிண்ணம். நத்தை இல்லாத பை. அதில் குஞ்சுகள் திரும்பினால் அன்றைய வேலை முழுவதையும் கொட்டிவிட வேண்டும். அதற்கு அவர் நோட்டில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் எழுதிக்கொண்டார். என் நோட்டில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "உனக்கு மறக்காத மாதிரி எழுதிக்கோ" என்றார். எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார், கீர்த்தனையை முனகிக்கொண்டே தம் இடத்துக்குப் போய்விட்டார்.

ஆகவே தம்பி, அஞ்சலை நத்தை இல்லை. அன்று காலை அந்த முதல் கிண்ணத்தை மாதா கோயில் தண்ணீரில் மூன்று முறை அலசி, குஞ்சுகளை விட்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை பையைத் தாண்டி நேராகப் போய்க்கொண்டே இருந்தன. பேனாவை எடுத்து அஞ்சலை என்ற பெயருக்கு எதிரே, காதர் பாய் ஈரலை விரித்துக் காட்டிச் சொன்னதைத்தான் எழுதினேன், ஒன்றுமில்லை என்று. அந்தப் பக்கத்தில் எழுத்து கோணலாக இருக்கும், பாருங்கள்.